இடம் தேர்ந்தோரும் தேராதோரும்

தாய்நாட்டை விட்டுப் பிறிதொரு நாட்டில் வாழப் புகும் மனிதன் முதன்முதலில் விடை காண வேண்டிய வினா, எங்கே குடியிருப்பது என்பதாகும். எவருடன் பழகுவது, பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது, நோயுற்றால் எங்கே செல்வது என்னும் வினாக்கள் யாவும் அதன் பின்னரே எழுகின்றன. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்துக் காட்டிய தொல்காப்பிய மரபில் வந்த தமிழர்க்கு, வாழும் நிலமே வாழ்வின் போக்கை வகுக்கிறது என்னும் உண்மையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், மலாயாவில் வந்து குடியேறிய தமிழருள் பெரும்பாலோர் தாம் வாழ்ந்த நிலத்தைத் தாமே தேர்ந்துகொண்டவர் அல்லர்.

மலாயாவும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டை அடுத்துள்ள வெப்ப நாடுகள். ஆண்டு முழுவதும் வெயிலும் உண்டு. ஆண்டு முழுவதும் மழையும் உண்டு. இத்தகைய நாட்டில் மேட்டு நிலத்திற்கும் பள்ளத்திற்கும் உள்ள வேறுபாடு, காட்டோரத்திற்கும் வெட்டவெளிக்கும் உள்ள வேறுபாடு, நல்ல நீருக்கும் தேங்கிய நீருக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை வசதியைப் பொறுத்தவை மட்டுமல்ல, உயிரையே பொறுத்தவை. ஆகவே இங்கு இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, நலமாக வாழும் உரிமையாகவே இருந்தது. அவ்வுரிமை எவரிடம் இருந்தது, எவரிடம் இல்லை, இல்லாதவர் அதனை எவ்வாறு நாடினர் என்பதை அறிந்தால் இந்நாட்டுத் தமிழர் வரலாற்றின் பெரும்பகுதி விளங்கும்.

மேட்டை நாடியோர்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தோற்றுவித்தார். கடற்கரை நகரின் வெப்பமும் காய்ச்சலும் தாங்கமாட்டாத ஐரோப்பியர், விரைவிலேயே அத்தீவின் கொடிமலை மீது தங்குமனைகளை எழுப்பினர். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பது இயற்கை நியதி. அந்த ஆறு பாகையைத் தேடியே அவர்கள் மலை ஏறினர். பினாங்குக் கொடிமலைக்கு 1923இல் மலை இரயில் ஓடத் தொடங்கியது. தைப்பிங்கை அடுத்த மேக்ஸ்வெல் மலையும், 1922இல் திறக்கப்பட்ட பிரேசர் மலையும், 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டுரைத்த கேமரன் மலையும் இவ்வாறே வளர்ந்தன.

மலைகளில் மட்டுமன்றித் தோட்டங்களிலும் இதே முறை நிலவியது. துரையின் பங்களா குன்றின் உச்சியில் காற்றோட்டமாக அமைந்தது. அதற்குக் கீழே கிராணிமாரின் வீடுகள். அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருப்பு. பதவியின் ஏற்றத்தாழ்வு நிலத்தின் ஏற்றத்தாழ்வாகவே அமைந்திருந்ததைப் பழைய தோட்டங்களைக் கண்டவர் மறவார்.

ஈண்டு எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. விரும்பிய இடத்தைத் தேர்ந்து வாழ்ந்த அவ்வெள்ளையருள் மிகப் பலர் இந்நாட்டில் தங்கவில்லை. பணிக்காலம் முடிந்ததும் ஓய்வூதியத்துடன் சீமைக்குத் திரும்பினர். கேமரன் மலையிலோ, 1929இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கொய்யச் சென்ற தமிழர், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழலாயினர். குளிர்ச்சி தேடி மலை ஏறியவர் இறங்கிச் சென்றனர்; கூலி தேடி ஏறியவர் நிலைத்தனர்.

நகர வீதிகளைத் தேர்ந்தோர்

தமிழர் அனைவரும் தெரிவுரிமை அற்றவராய் வந்தனர் என்று கூறுவது பிழையாகும். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர் தொடக்கத்திலேயே தமக்கென ஒரு வட்டாரத்தை அமைத்துக்கொண்டனர். சூலியா வீதியும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அதற்குச் சான்று. அதன் அருகிலேயே, குயீன் வீதியில், 1833இல் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது.

சிங்கப்பூரில் 1819ஆம் ஆண்டில் ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை, செங்கற்சூளை அமைத்துத் தொழில் நடத்தியவர். இந்துக்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என அவர் முயன்ற வரலாறு, இடத் தெரிவுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். முதலில் தெலுக் ஆயர் வீதியில் நிலம் ஒதுக்கப்பட்டது. அங்கே வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் கிட்டவில்லை. அடுத்து ஸ்டாம்போர்டு கால்வாய் அருகே இடம் காட்டப்பட்டது. அரசின் நகரத் திட்டத்துக்கு அது ஒவ்வவில்லை. மூன்றாவதாக 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. அங்கே 1827இல் மாரியம்மன் கோயில் உருப்பெற்றது. குடியேறியவரின் விருப்பம், இயற்கையின் வசதி, ஆள்வோரின் திட்டம் ஆகிய மூன்றும் இசைந்த இடத்தில்தான் அக்கோயில் நிலைகொண்டது. 1822இல் வகுக்கப்பட்ட ஜாக்சன் திட்டமும், சீனர்க்கு ஒரு பகுதி, ஐரோப்பியர்க்கு ஒரு பகுதி, சூலியர்க்கு ஆற்றோரத்தில் ஒரு பகுதி என நகரை இனவாரியாகப் பிரித்திருந்தது. எனவே நகரத்தில் வாழ்ந்தவரின் தெரிவும் எல்லைக்குட்பட்ட தெரிவே.

நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் வீதியைத் தேர்ந்தமைக்குக் காரணம் தொழில். வணிக நிலையங்களுக்கு அருகில் இருந்தால்தான் வட்டித் தொழில் நடக்கும். கிட்டங்கி எனப்பட்ட நீண்ட கட்டடத்தில் பலர் தத்தம் கணக்குப் பெட்டியை வைத்துத் தொழில் நடத்தினர். இரவில் அங்கேயே உறங்கினர். குடும்பத்தை ஊரில் விட்டு, மூன்றாண்டுத் தவணையில் முகவராய் வந்து திரும்புவது அவர்தம் வழக்கம். ஆயினும் 1859இல் டேங் சாலையில் தெண்டாயுதபாணி கோயிலை நிறுவியதன் மூலம், தாம் திரும்பிச் சென்றாலும் தம் வழிபாடு இங்கே நிலைக்கும்படி செய்தனர்.

யாழ்ப்பாணத் தமிழரின் நிலை வேறு. கிறித்துவ சங்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற அவர்கள், இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் அமர்ந்தனர். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886இல் இரயில் ஓடத் தொடங்கிய பின், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இரயில்வேக் குடியிருப்புகள் பெருகின. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற அவ்விடத்தில் கந்தசுவாமி கோயிலும், 1904இல் நிறுவப்பட்ட விவேகானந்தா ஆசிரமமும் எழுந்தன. பணியிடத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு, வீட்டிற்கு அருகே கோயில், கோயிலை அடுத்துப் பள்ளி என்பதே அவர்கள் கண்ட ஊர் இலக்கணம்.

சிங்கப்பூர் செராங்கூன் சாலைக்குத் தமிழரை ஈர்த்தவை புல்லும் நீருமாகும். தாழ்வான அந்நிலத்தில் மாடு வளர்ப்பு செழித்தது. அவ்வட்டாரத்தின் ஒரு பகுதி மலாய் மொழியில் எருமைப்பட்டி எனப் பொருள்படும் பெயரைப் பெற்றது. தமிழர் தேக்கா என வழங்கும் இடம் அதுவே. மாட்டுத் தொழில் மறைந்த பின்னும் மக்கள் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. ஒரு தொழிலுக்காகத் தேர்ந்த இடம், அத்தொழில் ஒழிந்த பின்னும் ஊராக நிலைப்பதுண்டு என்பதற்கு அது சான்று.

கங்காணி காட்டிய இடம்

இவர்களினும் எண்ணிக்கையில் பன்மடங்கு மிக்கவர் தோட்டத் தொழிலாளர். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளே பின்னர் நாடெங்கும் பால்மரக் காடுகளாய்ப் பெருகின. அக்காடுகளை உருவாக்க வேண்டிய ஆட்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர். முதலில் ஒப்பந்தக் கூலி முறை நிலவியது. அம்முறையில் தோட்டத்தை விட்டு ஓடிப்போதல் தண்டனைக்குரிய குற்றம். இடத்தைத் தேர்ந்துகொள்வது இருக்கட்டும். இடத்தை விட்டு நீங்கும் உரிமையும் அவர்க்கு இல்லை. 1910இல் அம்முறை முடிவுக்கு வந்தது. கங்காணி முறையே மேலோங்கியது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி, முதலாளிமாரிடம் வரி திரட்டித் தொழிலாளரின் கப்பற்செலவை ஏற்றது.

கங்காணி தன் சொந்த ஊரிலும் உறவிலும் ஆள் சேர்ப்பவன். ஆகையால் ஒரே ஊரார், ஒரே உறவினர், ஒரே தோட்டத்தில் வந்து சேர்வது இயல்பாயிற்று. மாமனும் மச்சானும் அண்டை அறைகளில் வாழ்ந்தது ஓர் ஆறுதலே. எனினும் அத்தோட்டம் கடற்கரைச் சதுப்பில் உள்ளதா, மலையடிவாரத்தில் உள்ளதா, மருத்துவமனை எத்தனை மைல் தொலைவில் உள்ளது என்பவற்றை நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் அறியார். கங்காணி காட்டிய இடமே அவர்க்கு நாடு. துரை காட்டிய அறையே வீடு.

அவ்வறை லயத்தின் ஒரு பகுதி. நீண்ட கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளைக் கொண்டது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறையே ஒரு குடும்பத்தின் வீடாக அமைந்த தோட்டங்கள் பல. அந்த வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போயின் வீடும் போகும். இப்பிணைப்பே பின்னர்த் தோன்றிய துன்பங்கள் பலவற்றிற்கு வேராயிற்று.

கொசுவும் லயமும்

லயம் எங்கே அமைய வேண்டும் என்பதை முடிவு செய்தவர் தோட்ட நிர்வாகியே. நீருக்கும் பெரட்டுக் களத்திற்கும் அருகே இருந்தால் அவர்க்கு வசதி. அவ்வசதிக்குத் தொழிலாளர் தந்த விலையை மலேரியாவின் வரலாறு காட்டும்.

மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதை 1897இல் இந்தியாவில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அவ்வறிவை மலாயாவில் பயன்படுத்தினார். 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், சில மாதங்களுக்குள் காய்ச்சலால் மூடப்படும் நிலையை அடைந்தது. சதுப்பு வடிகட்டப்பட்டது, காடு வெட்டப்பட்டது, காய்ச்சல் வியக்கத்தக்க அளவில் தணிந்தது. கடலோரத் தாழ்நிலத்தில் நோய் பரப்பிய கொசு, நிழல் படிந்த சேற்றுக் குட்டைகளில் பெருகுவது. நிழல் நீங்கியதும் அதன் பெருக்கம் குன்றியது. காட்டிலிருந்து அரை மைல் அளவிற்கு விலகி அமைந்த குடியிருப்புகளில் நோய் குறைவு என்பதும் தெரியவந்தது.

ஆனால் உள்நாட்டு மலையடிவாரங்களில் இதே மருந்து நஞ்சாயிற்று. அங்கே நோய் பரப்பிய கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடைநீரையே அது நாடும். ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டி ஓடைகளுக்கு வெயிலைக் காட்டியபோது, அக்கொசு பெருகிற்று. கண்ணுக்குத் தெளிந்த நீராகத் தோன்றிய ஓடையின் கரையில் வாழ்ந்த குடும்பங்கள் காய்ச்சலில் மடிந்தன. நிலத்தடியில் குழாய் பதித்து ஓடைகளை மறைத்தும், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தும் பின்னரே அக்கேடு கட்டுப்படுத்தப்பட்டது.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் தெளிவானது. லயத்தை அரை மைல் தள்ளி அமைத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடிய உயிர்கள் உண்டு. அந்த அரை மைலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அங்கு வாழ்ந்தவரிடம் இல்லை.

வைத்த இடம் வாழும் இடமானது

தாமாகத் தேராத அந்நிலத்தைத் தமிழர் எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்பதும் அறியத்தக்கது. கோயிலில்லா ஊரில் குடியிருத்தல் ஆகாது என்பது அவர் ஊரிலிருந்து கொணர்ந்த முதுமொழி. ஆதலின் லயத்தை அடுத்து மாரியம்மன் கோயிலும், தோட்டத்தின் எல்லையில் முனீசுவரன் மேடையும் எழுந்தன. அம்மையும் காய்ச்சலும் சூழ்ந்த இடத்தில் நோய் தீர்க்கும் தாயை முதலில் குடியேற்றியது பொருத்தமே. வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் தளிர்த்தன. துரைமார் சூட்டிய ஆங்கிலப் பெயர்களைத் தள்ளி, தோட்டங்களுக்குத் தம் வாயில் நுழையும் தமிழ்ப் பெயர்களை இட்டு வழங்கினர். பெயரிடுதல் உரிமை கொண்டாடும் செயல்களுள் ஒன்றாகும்.

பள்ளியும் வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. மாட்டுக் கொட்டகையை ஒத்த குடிலாயினும், கிராணியே ஆசிரியராயினும், அகரம் எழுதப்பட்ட இடம் அந்நியமாக இருக்க இயலாது. நாட்டின் தமிழ்ப் பள்ளிகளுள் பல அக்குடில்களின் வழித்தோன்றல்களே.

தெரிவு செய்யும் காலம்

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரம் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்தம் இருப்பு சந்தை விலையைப் பொறுத்தது என்பது அப்போது வெளிப்பட்டது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் வருகையைத் தடை செய்தது. அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் பல்லாயிரம் தமிழர் சயாம் இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு அக்காட்டிலேயே மாண்டனர். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒருங்கு திரட்டப்பட்டன. இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் தொழிலாளர் எங்கே வாழ்வது என்பதைப் பிறரே முடிவு செய்தனர்.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது முதன்முறையாகத் தெரிவு அவர்கள் கையில் வந்தது. குடியுரிமை பெற்று இந்நாட்டு மக்களாவதா, பிறந்த ஊரை எண்ணிக் காத்திருப்பதா என்பதே அத்தெரிவு. பலர் குடியுரிமை பெற்றனர். எழுத்தறிவின்மையாலும், தகுந்த சான்றிதழ் இன்மையாலும், அதன் அருமை அறியாமையாலும் பெறாது விட்டவரும் பலர். 1969இல் குடியுரிமையற்றோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை கொண்டோர் திகைத்தனர். பல்லாயிரவர் தமிழகத்திற்குக் கப்பலேறினர். அவருள் இந்நாட்டிலேயே முதுமை எய்தியவரும் இருந்தனர். சிங்கப்பூரிலும், பிரிட்டிஷ் படைத்தளங்கள் மூடப்படும் என 1968இல் அறிவிக்கப்பட்டு 1971இல் அவை மூடப்பட்டபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் பலர் இதே வினாவை எதிர்கொண்டனர்.

இதே காலத்தில் தோட்டத் துண்டாடல் என்னும் மற்றோர் இடி விழுந்தது. வெள்ளைய முதலாளிமார் விற்ற தோட்டங்கள் சிறு துண்டுகளாகக் கூறு போடப்பட்டன. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். இதற்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் சிறு சேமிப்பைப் பங்குகளாகச் செலுத்தித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. வைக்கப்பட்ட இடத்தில் வாழ்ந்தவர், அந்நிலத்திற்குத் தாமே பங்குதாரராகும் முயற்சி அது. இடத் தெரிவின் வரலாற்றில் அதனினும் சிறந்த திருப்பம் அரிது.

எனினும் அம்முயற்சியால் எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை. ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது. செம்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம் விட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் பல நகரோரப் புறம்போக்கு நிலங்களில் குடிசை கட்டின. பின்னர் மலிவு விலை அடுக்ககங்களில் குடியேறின. சிங்கப்பூரில் 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கம்பத்து மக்களைச் சொந்த வீட்டுக்காரராக்கியது. 1989 முதல் ஒவ்வொரு பேட்டையிலும் இனவிகிதம் பேணப்படுவதால், வீடு தேர்வோர் அவ்வரம்புக்குள் தேர்கின்றனர்.

இன்றைய வினா

இவ்வரலாறு முடிந்த கதையன்று. மலேசியாவை இரண்டாம் இல்லமாகக் கொள்ள அழைக்கும் திட்டம் 2002இல் தொடங்கியது. அதன்வழி வரும் வசதி படைத்த வெளிநாட்டவர், பினாங்கின் கடற்கரையா, கோலாலம்பூரின் மாடியா என ஆராய்ந்து தேர்கின்றனர். மருத்துவமனையின் அண்மையும், காற்றும், பள்ளியும் அவர்தம் அளவுகோல்கள். அவை நியாயமானவையே. அதே வேளையில், கட்டுமானப் பணிக்காக வரும் வெளிநாட்டுத் தொழிலாளர் முதலாளி காட்டும் விடுதியில் தங்குகின்றனர். 2020இல் சிங்கப்பூரில் கோவிட் தொற்று பரவியபோது, நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் அத்தகைய தங்குவிடுதிகளில் வாழ்ந்தோரே. அவருள் தமிழகத்திலிருந்து வந்த இளைஞரும் இருந்தனர். நெருக்கமான அறையும், தாம் தேராத இடமும், அங்கே பரவிய நோயும் பழைய லயத்தை நினைவூட்டுவன.

தமிழ்ப் பள்ளி மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், ஆண்டுகளையும் ஆளுநர் பெயர்களையும் கூறுவதோடு அமையாது, ஓர் எளிய பயிற்சியையும் தரலாம். ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டனார், தந்தையார் வாழ்ந்த இடங்களை நிலப்படத்தில் குறிக்கட்டும். ஒவ்வோர் இடத்திற்கு எதிரிலும் அதனைத் தேர்ந்தவர் யார் என எழுதட்டும். கங்காணி, துரை, அரசு, போர் என்னும் சொற்கள் முதற்பகுதியில் நிறைந்திருக்கும். பாட்டனார், பாட்டியார், அப்பா, அம்மா என்னும் சொற்கள் எந்த ஆண்டில் முதன்முதலாக இடம்பெறுகின்றன என்று காண்பதே அப்பயிற்சியின் பயன்.

அந்த ஆண்டே அக்குடும்பம் இந்நாட்டில் குடியேறிய ஆண்டு. கப்பலை விட்டு இறங்கிய ஆண்டு, வந்து சேர்ந்த ஆண்டு மட்டுமே.